இருபத்தொரு நொடி

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். கை கால்களை எண்ணிப் பார்த்துவிட்டேன், ஊரிலிருந்து வந்தபோது எத்தனை இருந்தனவோ அத்தனையும் இருக்கின்றன. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? பஸ்ஸில் டிரைவர் சீட்டை மாற்றித் தந்த பிறகு அத்தானின் இடுப்புவலி குறைந்ததா?

ஒரு செய்தி. உட்கார்ந்துகொண்டு படி. நான் இங்கே வெல்டிங் வேலைக்குத்தானே வந்தேன்? இரண்டு வாரமாக வெல்டிங் இல்லை. பறந்துகொண்டிருக்கிறேன்.

சத்தியமாகச் சொல்கிறேன். தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அங்கே இன்ஜினியர் ஒருவர் நான்கு வருடமாக ஒரு யந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். முதுகில் மாட்டிக்கொண்டு பிடியைத் திருகினால் ஆள் மேலே போவான். புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே ஒரு மருந்து, அதற்குப் பெரியப்பா முறையில் ஒரு திரவம் இரண்டு தொட்டிகளில் இருக்கிறது. அது ஒரு வெள்ளி வலையில் பட்டதும் கொதிநீராவியாகி, தோளுக்கு இரண்டு பக்கமும் உள்ள குழாய்களில் கீழ்நோக்கிச் சீறும். அந்த வேகத்தில் நாம் மேலே போகிறோம். நாங்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் கெட்டில்.

கெட்டிலின் எடை ஐம்பத்தைந்து கிலோ. அதனால் மாட்டிக்கொள்கிறவன் ஒல்லியாக இருக்க வேண்டும். தொழிற்சாலையில் எல்லோரையும் தராசில் ஏற்றி இறக்கினார்கள். என் முறை வந்தபோது இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை முள்ளைப் பார்த்தார். "ஐம்பத்தெட்டா? நீ எங்கேப்பா இருந்தே இத்தனை நாளா?" என்றார். இந்த உடம்பைப் பார்த்து இப்படி ஒருவர் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

இப்போதைக்குக் கயிறு கட்டித்தான் பறக்கிறேன். மொத்தம் இருபத்தொரு நொடிக்குத்தான் திரவம் இருக்கும். அதனால் ஹெல்மெட்டுக்குள் ஒரு மணி வைத்திருக்கிறார்கள். பதினைந்தாவது நொடியில் அடிக்கத் தொடங்கும். மணி கேட்டதும் இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். சத்தம் கொஞ்சம் அதிகம். முதல் நாள் பஞ்சு வைத்தும் இரண்டு நாளைக்குக் காதுக்குள் வண்டு குடியிருந்தது. இப்போது சரியாகிவிட்டது.

எழுதி வைத்துக்கொள். ஐந்து வருடத்தில் வீட்டுக்கு வீடு சைக்கிள் நிற்கிற இடத்தில் இது நிற்கும்.

உன் தம்பி,
குருவி

பிப்ரவரி 12

அன்புள்ள குருவிக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டுதான் படித்தேன், பிறகு உட்கார்ந்தேன். நாங்கள் நலம். அத்தானின் இடுப்பும் நலம், வாய்தான் கூடிவிட்டது. உன் உடம்பு அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே வேண்டுதல்.

கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். இருபது வருடம் பஸ் ஓட்டுகிறவர் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "தெருவுக்கு நூறு பேர் பறந்தா டிராஃபிக் போலீஸ் எங்கே நிப்பான்? ஏணி மேலயா?" நான் ஆபீசில் சொன்னேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் முழுக்கச் சிரிப்பு. பக்கத்து சீட்டுக்காரி, "மாடியில துணி காயப் போட்டிருக்கிற வீட்டு மேல பறக்கச் சொல்லுங்க, இஸ்திரி போடுற வேலை மிச்சம்" என்கிறாள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இருபத்தொரு நொடியில் நான் செருப்பைக்கூட மாட்டி முடிக்க மாட்டேன். அதற்குள் நீ எங்கே போய்ச் சேர்வாய்?

கிண்டல் இருக்கட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது, மறைக்கத் தெரியவில்லை.

நீ போன் செய்தால் என்ன? செவ்வாய்தோறும் காலையில் வெளியூர் லைன்களை இணைக்கும் டிரங்க் போர்டில் நான்தான் இருப்பேன். நீ பதிவு செய், உன் லைனை நானே எடுத்துக் கொடுத்து நானே பேசிக்கொள்கிறேன். பதினோரு வருடமாக ஊரார் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழுத்தில் யாரும் எதையும் மறைத்துவிடலாம், குரலில் என்னிடம் ஒன்றும் நடக்காது. செவ்வாய்க்கிழமை காத்திருப்பேன்.

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன், அதுவும் தரையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். நீயும் அத்தானும் அப்படியே இருக்க வேண்டும். பதில் எழுத நாளாகிவிட்டது, கோபிக்காதே. இங்கே போன் மேனேஜர் அறையில்தான் இருக்கிறது. அவர் எதிரில் உட்கார்ந்திருக்க, நான் அக்காவோடு என்ன பேசுவது? கடிதம்தான் நல்லது, நினைத்தபோது எடுத்துப் படிக்கலாம்.

போன வியாழக்கிழமை கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்!

புல்வெளியின் நடுவில் நின்றேன். இரண்டு பக்கமும் தண்ணீர்க் குழாயோடு ஆட்கள். இன்ஜினியர் கட்டை விரலைக் காட்டினார். பிடியைத் திருகினேன். நீ மாடிப்படியில் ஏறிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று படி தீர்ந்துபோனால் கால் ஒரு கணம் தேடுமே, அப்படித்தான் முதலில் இருந்தது. பிறகு கால் தேடுவதை விட்டுவிட்டது. கீழே புல் எல்லாம் வட்டமாகப் படுத்துக்கொண்டது. பதிமூன்று நொடி, நாற்பது மீட்டர். இறங்கியதும் இன்ஜினியர் என்னைக் கட்டிப்பிடிக்க வந்து குழாயில் கையைச் சுட்டுக்கொண்டார்.

பத்திரிகைக்கு ஒரு படம் எடுத்தார்கள். கோட்டும் டையும் மாட்டி, கையில் ஆபீஸ் பை கொடுத்து நிற்க வைத்தார்கள், நாளைய மனிதன் வேலைக்குப் போகிறானாம். கோட்டு மேனேஜருடையது, எனக்கு முட்டி வரை தொங்கியது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். டிரங்க் காலுக்கு உரிய மூன்று நிமிடம் முடியும்போது நீ கடிகாரத்தைப் பார்க்காமலே லைனில் குறுக்கே வருவாய் என்று உன் ஆபீசில் பெருமையாகச் சொல்வார்களே, அது எப்படி? நொடியை எப்படி எண்ணுகிறாய்? சும்மா தெரிந்துகொள்ளத்தான். விளக்கமாக எழுது.

உன் தம்பி,
குருவி

மார்ச் 16

அன்புள்ள குருவிக்கு,

உன் படம் பத்திரிகையில் வந்தது. எங்களுக்கு உடம்பும் மனசும் நிறைந்துவிட்டன. அத்தான் வெட்டி எடுத்து பஸ்ஸில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். ஏறுகிறவர்களிடமெல்லாம், "என் மச்சான். கோட்டுதான் இரவல், ஆள் சொந்தம்" என்கிறாராம்.

செவ்வாய்க்கிழமை நான்கு வாரமாகக் காத்திருந்தேன் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

எண்ணுவது பெரிய வித்தை இல்லை. ஒன்று, இரண்டு என்று வெறுமனே எண்ணினால் ஓடிவிடும். எண்ணுக்குப் பின்னால் எடை கட்ட வேண்டும். போர்டில் நாங்கள் நாள் முழுக்கச் சொல்வது "லைன்ல இருங்க" என்பதுதான். "ஒண்ணு, லைன்ல இருங்க. ரெண்டு, லைன்ல இருங்க." அவசரமில்லாமல், இழுக்காமல் சொல்லிப் பார். ஒவ்வொன்றும் சரியாக ஒரு நொடி. வாயால் சொல்லாதே, மனசுக்குள் சொல்லு. வலது கால் பெருவிரலை அதோடு சேர்த்து அழுத்து. ஒரு மாதம் பழகினால் பிறகு அதுவே எண்ணிக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள். பயந்திருக்கிறபோது வேகமாக எண்ணுவோம், ரசிக்கிறபோது மெதுவாக எண்ணுவோம். நான் சேர்ந்த புதிதில் ஒரு கிழவரும் கிழவியும் லைனில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்கக் கூடாது, ஆனால் சிரிப்பு கேட்டது. அப்படி ஒரு சிரிப்பு. நானும் சிரித்துக்கொண்டே எண்ணினேன். கடிகாரத்தைப் பார்த்தால் இருபது நொடி கூடப் போயிருக்கிறது. அன்றைக்கு வாங்கிய திட்டை இன்னும் மறக்கவில்லை. போர்டில் இருபது நொடி கூடப் போனால் திட்டு. உன் வேலையில் அப்படியில்லை.

அதுசரி, உனக்குத்தான் மணி இருக்கிறதே, இது எதற்கு?

உன் அக்கா

ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாம் சௌக்கியம், உங்கள் சௌக்கியத்துக்குக் குறைவிருக்காது என்று நினைக்கிறேன். நீ சொன்ன எண்ணிக்கை பிரமாதம்! சாப்பிடும்போது, நடக்கும்போது, பல் தேய்க்கும்போது எல்லாம் லைனில் இருக்கிறேன். பெருவிரல்தான் பாவம்.

பத்தொன்பது நொடி வரை பறந்துவிட்டேன். வரிசையாக நின்ற மூன்று லாரிகளுக்கு மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினேன். மணியைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஹெல்மெட்டில் அதை மாற்றி அமைக்கிறார்கள், அதுவரை ஒரு துணைக்குத்தான்.

"இதை ஒரு நிமிஷமாக்க முடியாதா?" என்று இன்ஜினியரிடம் கேட்டேன். ஒரு காகிதத்தை எடுத்து வரைந்து காட்டினார். அதிக நேரம் பறக்க அதிகத் திரவம் வேண்டும். அதிகத் திரவம் என்றால் அதிக எடை. அதைத் தூக்க இன்னும் திரவம். "இது தன் வாலைத் தானே துரத்துற நாய், குருவி" என்றார். பரவாயில்லை. மூளையுள்ளவர்கள் யாராவது அந்த நாயைப் பிடித்துக் கட்டுவார்கள். ஆரம்பத்தில் எதுதான் சரியாக இருந்தது?

ஜூன் ஆறாம் தேதி பெரிய காட்சி. நகரத்து விளையாட்டு மைதானத்தில் தீயணைப்புத் துறை, தபால் துறை, ராணுவம் என்று எல்லோரும் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் நூறு கெட்டில் செய்யச் சொல்வார்கள். அத்தனையும் என் முதுகில்தான் இருக்கிறது.

மற்றபடி இங்கே வாழ்க்கை சுகமாகப் போகிறது. ரேடியோவை அறை நண்பனுக்குக் கொடுத்துவிட்டேன், எனக்கு அதற்கு நேரமில்லை. காலையில் எழுந்திருக்க ஒரு நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறேன். அலாரம் கடிகாரத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டால் அதிர்வில் சட்டென்று விழிப்பு வந்துவிடுகிறது. அத்தானுக்கும் சொல்லு.

உன் தம்பி,
குருவி

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீயே போன் செய்வாய் என்று எதிர்பார்க்கவில்லை. மேனேஜர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது ஓட்டமாக ஓடினேன். லைன் கொஞ்சம் கரகர என்றிருந்தது, ஆனாலும் நீ சொன்னதெல்லாம் கேட்டது. எத்தனை நாளாயிற்று உன் குரலைக் கேட்டு! நீ உற்சாகமாக இருந்தாய். அத்தானும் நன்றாக இருக்கிறார் என்று நீ சொன்னதும் எனக்கு நிம்மதி.

நான் நன்றாக இருக்கிறேன் என்பதுதான் உனக்கே தெரிந்துவிட்டதே. இனி செவ்வாய்க்கிழமை கணக்கைத் தீர்த்துவிடு. வேலை அதிகம், அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

உன் தம்பி,
குருவி

மே 7

குருவிக்கு,

உன் சுகத்தை விசாரிக்கப் போவதில்லை. அது எனக்குத் தெரியும்.

லைன் கரகர என்று இல்லை. பதினோரு வருடமாகப் போர்டில் இருக்கிறவளிடம் லைனைப் பற்றிச் சொல்லாதே. பக்கத்து அறையிலிருந்து பேசுவது போலச் சுத்தமாக இருந்தது. நாம் பேசியதை உனக்கு எழுதிக் காட்டுகிறேன், ஏனென்றால் நீ அதைக் கேட்கவில்லை.

"சாப்பிட்டியா?" என்றேன். "ஆமாக்கா, நல்லா இருக்கேன்" என்றாய். சரி என்று விட்டேன். "என்ன சாப்பிட்டே?" என்றேன். "ஆமாக்கா, எல்லாரும் நல்லபடியா பழகுறாங்க" என்றாய். ஒரு பொய்யைச் சொல்லிச் சோதித்துப் பார்க்க நினைத்தேன். இதைவிடப் பெரிய பொய் எனக்குக் கிடைக்கவில்லை. "குருவி, உங்க அத்தான் நேத்து செத்துப்போயிட்டார்டா" என்றேன்.

நீ சொன்னாய்: "ரொம்ப சந்தோஷம்க்கா. நான் கேட்டேன்னு அவர்கிட்ட சொல்லு."

அன்று சாயங்காலம் செத்துப்போன அத்தான் டூட்டி முடிந்து வந்ததும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திவிட்டார்.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். முதல் கடிதத்தில் காதில் வண்டு இருந்தது. அதற்குப் பிறகு மூன்று மாதத்தில் உன் எழுத்தில் ஒரு சத்தம்கூட இல்லை. கயிறு அவிழ்த்த அன்று புல் படுத்ததைச் சொன்னாய், கெட்டில் போட்ட கூச்சலைச் சொல்லவில்லை. ரேடியோவைக் கொடுத்துவிட்டாய். அலாரத்தைத் தலைக்கு அடியில் வைத்தாய். மணி இருக்கும்போது எண்ணக் கற்றுக்கொடு என்றாய். நானும் மடத்தனமாகப் பெருவிரலை அழுத்து என்று சொல்லிக்கொடுத்தேன். கேட்காத மணிக்குப் பதிலாக எண்ணிக்கையைக் கொடுத்து உன்னைப் பறக்கவிட்டது நான்தான்.

உன் மேனேஜரின் நம்பர் எனக்கு மனப்பாடம். ஒரு பிளக்கைச் சொருகினால் போதும், அன்றோடு நீ தரையில் இருப்பாய். ஒரு வாரம் தருகிறேன். உண்மையை எழுது.

உன் அக்கா

மே 13

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். அத்தான் நூறு வயது இருக்க வேண்டும், அவரிடம் நான் காலில் விழுந்ததாகச் சொல்லு.

உண்மை. வலது காது போய்விட்டது. இடது காதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, எதிரில் நின்று பேசினால் உதட்டையும் சேர்த்துப் பார்த்து ஒப்பேற்றிவிடுவேன். மார்ச் மாதத்திலிருந்து மணி கேட்கவில்லை. கம்பெனி டாக்டர் சோதனை செய்தார். எதிரில் உட்கார்ந்து மெல்லிய குரலில் எண்களைச் சொன்னார், நான் அவர் மீசைக்குக் கீழே பார்த்துத் திருப்பிச் சொன்னேன். "உனக்கு நாய்க் காது" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ சொன்ன தப்பை நான் செய்தேன். போன வாரம் வெயில் நன்றாக இருந்தது. மேலே போனதும், தூரத்தில் ஆறு வளைந்து போவது தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். என் கணக்கில் பதினெட்டு. தொட்டியில் ஒன்றுமில்லை. நல்லவேளை, தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில்தான் இருந்தேன். கணுக்கால் வீங்கியதோடு போயிற்று. கால் தடுக்கிவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பாய். பள்ளிக்கூடத்தில் கால்பந்துக் குழுவில் சேர்க்கவில்லை, ஒல்லி என்றார்கள். ராணுவத்தில் மார்பை அளந்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் என்ன சொன்னார்கள் என்று உனக்கே தெரியும். இந்த உலகத்தில் ஒரே ஒரு யந்திரத்துக்கு மட்டும்தான் நான் சரியான அளவு, அக்கா. மற்றவர்கள் எழுபது, எண்பது கிலோ. நான் இல்லாவிட்டால் ஜூன் ஆறாம் தேதி காட்சி இல்லை. இன்ஜினியரின் நான்கு வருடமும் இல்லை.

இன்னும் மூன்று வாரம், ஒரே ஒரு தடவை. அந்தப் பிளக்கைச் சொருகாதே.

உன் தம்பி,
குருவி

மே 18

அன்புள்ள குருவிக்கு,

நாங்கள் நலம். உன் கணுக்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, வெறுமனே தேய்க்காதே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும். அழுது முடித்துவிட்டு யோசித்தேன். பிளக்கைச் சொருகப் போவதில்லை. சொருகினால் நீ உயிரோடு இருப்பாய், ஆனால் என்னை மன்னிக்க மாட்டாய். இரண்டும் எனக்கு வேண்டும்.

ஆனால் இரண்டு நிபந்தனை. ஒன்று, இன்ஜினியரிடம் நீயே போய்ச் சொல்ல வேண்டும். நான் சொல்லி அவருக்குத் தெரிந்தால் அது உனக்கு மரியாதை இல்லை. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இரண்டு, அவர் சம்மதித்தால் எண்ணுவது நீ இல்லை, நான். உன்னை நம்பி உன் கையில் எண்ணிக்கையைக் கொடுக்க முடியாது, நீ ஆற்றைப் பார்க்கிறவன்.

நானும் அத்தானும் ஐந்தாம் தேதியே வந்துவிடுகிறோம். நீ இறங்க வேண்டிய இடத்தில் சிவப்புத் துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். உன் கால் தரையை விட்டதும் எண்ணத் தொடங்குவேன். பதினைந்தில் துண்டைக் கீழே போடுவேன். துண்டு விழுந்தால் நீ இறங்க வேண்டும். ஆறு தெரிந்தாலும் சரி, கடலே தெரிந்தாலும் சரி.

அத்தானை டெப்போ மைதானத்தில் ஓடவிட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஸ்டாப்வாட்ச் ஒன்று இரவல் வாங்கியிருக்கிறார். பத்துத் தடவையில் பத்தும் சரியாக இருந்தது. "பறக்கிறது அவன், மூச்சு வாங்குறது நான்" என்கிறார்.

உன் அக்கா

மே 26

அன்புள்ள அக்காவுக்கு,

வீக்கம் வடிந்துவிட்டது. அத்தானுக்கு மூச்சு வாங்குவது நின்றதா?

சொல்லிவிட்டேன். இன்ஜினியர் எழுந்து போய் அந்த ஹெல்மெட்டை எடுத்துவந்து மணியைத் திருகிக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு நான் உதட்டைப் பார்க்க வசதியாக முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு, நிதானமாகச் சொன்னார். "நாலு வருஷமா எல்லாத்தையும் அளந்தேன், குருவி. சூடு, எடை, அழுத்தம் எல்லாத்தையும். சத்தத்தை மட்டும் அளக்கல." அவர் கண் கலங்கியிருந்தது. என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

காட்சியை ரத்து செய்யத்தான் முதலில் கிளம்பினார். நான் விடவில்லை. உன் யோசனையைச் சொன்னேன். வாட்ச்மேனைத் துண்டோடு நிற்க வைத்து, கயிறு கட்டி ஆறு தடவை பறக்க வைத்தார். ஆறு தடவையும் துண்டு விழுந்ததும் இறங்கினேன். ஏழாவது தடவை வாட்ச்மேன் தும்மியதில் துண்டு முன்னாலேயே விழுந்துவிட்டது, அதற்கும் இறங்கினேன். அதைப் பார்த்த பிறகுதான் தலையாட்டினார். அந்த நாளோடு கடைசி, அதற்குப் பிறகு நான் கெட்டிலைத் தொடக்கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வா அக்கா. ரயிலடிக்கு வருகிறேன். பின்னாலிருந்து கூப்பிடாதே, எதிரில் வந்து நில்லு.

உன் தம்பி,
குருவி

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது தெரிந்து மகிழ்ச்சி. நான் நலம். இடது காதுக்கு ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். உலகம் முழுக்கத் தகர டப்பாவுக்குள் பேசுவது போலிருக்கிறது, ஆனாலும் பேசுகிறது.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கெட்டிலை யாரும் வாங்கவில்லை. அன்று அத்தனை பேர் எழுந்து நின்று கை தட்டியதை நீயும்தான் பார்த்தாய். கைதட்டி முடித்ததும் கேள்வி கேட்டார்கள். தீயணைப்பு அதிகாரி, "மாடியில மாட்டிக்கிட்டவங்களைத் தூக்கிட்டு வருமா?" என்றார். வராது, என்னைத் தூக்குவதே பெரும்பாடு. தபால் அதிகாரி, "ஒரு பை கடிதம் கொண்டுபோக முடியுமா?" என்றார். கொண்டுபோகலாம், ஆனால் மூன்று வீட்டுக்குமேல் போகாது என்றார் இன்ஜினியர். ராணுவக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, இரண்டு காதையும் தேய்த்துக்கொண்டே போய்விட்டார். எல்லோரும் மரியாதையாகக் கடிதம் எழுதியிருக்கிறார்கள்.

இன்ஜினியர் அறிக்கை எழுதி முடித்துவிட்டார். எனக்குப் படிக்கக் கொடுத்தார். சாமானிய மனிதன் இதில் பறக்கமாட்டான் என்று எழுதியிருக்கிறார். விழுந்தால் பாராசூட் விரிய உயரம் போதாது, பிழைத்துக்கொள்ள உயரம் அதிகம். நூற்றிருபது மீட்டர் பறப்பதற்குப் பத்துப் பேர் இரண்டு மணி நேரம் தயார் செய்ய வேண்டும். அதே தூரத்தை ஒன்றரை நிமிடத்தில் நடந்துவிடலாம், யார் காதும் போகாது. சத்தத்தைத்தான் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறார். ஐந்து வருடத்தில் வீட்டுக்கு வீடு என்று நான் எழுதினேனே, அந்தக் கடிதத்தை அத்தான் கையில் சிக்காமல் பார்த்துக்கொள்.

கெட்டிலைத் துடைத்து, தொழிற்சாலை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். நான் மறுபடியும் வெல்டிங்கில். வருத்தமில்லை அக்கா. ஆட்கள் எதிரில் பறந்துகாட்டியவன் நான் ஒருவன்தான்.

இனி, அன்று உன்னிடம் சொல்லாததைச் சொல்கிறேன். ஏறும்போது நீ செங்கல் அளவு இருந்தாய், துண்டு தீக்குச்சி போல. எண்ண வேண்டாம் என்றாய், ஆனால் பெருவிரல் கேட்கவில்லை. மைதானத்தில் அத்தனை முகமும் ஒரே நேரத்தில் மேலே திரும்பியதைப் பார்த்தேன். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு குடை வைத்திருந்த அம்மாள் குடையை மடக்கிவிட்டுப் பார்த்தாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அப்போது உன் துண்டு விழுந்தது.

என் கணக்கில் பதினொன்று.

நான்கு நொடி தப்பு, அக்கா. அந்தக் கணக்கில் போனால், நான் பதினைந்து எண்ணும்போது உண்மையில் இருபது ஆகியிருக்கும். அந்த உயரத்திலிருந்து இறங்க ஐந்து நொடி வேண்டும். மீதியை நீயே போட்டுப் பார்த்துக்கொள். துண்டைப் பார்த்ததும், 'அக்கா அவசரப்படுகிறாள், இன்னும் நேரமிருக்கிறது' என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு பிடியைத் திருப்பிவிட்டேன். அந்தக் கிழவர், கிழவி சிரிப்பைத் தவிர, பதினோரு வருடத்தில் நீ தப்பாக எண்ணியதில்லை.

ஒரு விஷயம்தான் இன்ஜினியருக்குப் புரியவில்லை. இறங்கிய பிறகு தொட்டியில் ஒரு நொடிக்குத்தான் மிச்சம் இருக்க வேண்டும். மூன்று நொடிக்கு இருந்ததாம். அளவுகோல் கெட்டுவிட்டது என்று தலையைச் சொறிகிறார்.

உன் தம்பி,
குருவி

ஜூன் 26

அன்புள்ள குருவிக்கு,

எல்லோரும் நலம். உன் காதுக்கருவியை மழையில் நனைக்காதே, தலை துவட்டும்போது கழற்றி வைத்துவிடு.

இன்ஜினியரிடம் அளவுகோலை மாற்ற வேண்டாம் என்று சொல்லு. அது சரியாகத்தான் இருக்கிறது.

உன் கால் தரையை விட்டதும் எண்ணத் தொடங்கினேன். ஒண்ணு, லைன்ல இருங்க. ரெண்டு, லைன்ல இருங்க. மூன்றாவதில் என் தம்பி கூரை உயரத்தில் இருந்தான். அதற்குப் பிறகு நான் எதை எண்ணினேன், எப்படி எண்ணினேன் என்று எனக்குத் தெரியாது. பதினைந்து என்றதும் துண்டைப் போட்டேன். அத்தான் அதே கணத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்தி நிறுத்தியிருக்கிறார். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ரயில் கிளம்பி நீ கையசைத்து மறைந்த பிறகு சட்டைப்பையிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பதிமூன்று.

ஆக, நீ நான்கு நொடி தப்பு செய்யவில்லை. அதில் இரண்டு உன்னுடையது, இரண்டு என்னுடையது. நீ ரசித்தாய், நான் பயந்தேன். ஆனால் நான் பேப்பரில் கணக்குப் போட்டும் பார்த்துவிட்டேன். இரண்டே நொடி தப்பு என்றாலும் நீ விழுந்துதான் இருப்பாய்.

பதினோரு வருடத்தில் யாருடைய நேரத்திலும் ஒரு நொடிகூட நான் குறைத்ததில்லை. சண்டை போடுகிறவர்களுக்கும் கொடுத்திருக்கிறேன், பேச ஒன்றுமில்லாமல் மூச்சு மட்டும் விடுகிறவர்களுக்கும் முழு மூன்று நிமிடம் கொடுத்திருக்கிறேன். இந்த உலகத்தில் உனக்கு மட்டுமே கிடைத்த இருபத்தொரு நொடியில் இரண்டைப் பிடித்து வைத்துக்கொண்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, திருப்பித் தரவும் போவதில்லை.

அடுத்த மாதம் லீவு எடுத்துக்கொண்டு வா. ரயிலடிக்கு அத்தான் வருவார். அவர் எதிரில் வந்து நிற்பார்.

உன் அக்கா